குவாலா ரொம்பின் மயில் மீன் பயணம்: அப்பாவோடு முதல்முறை போகிறேன், வழி சொல்லுங்கள்

கிள்ளான்_பையன் | 6 ஜூலை, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். மூன்று வருடமாக இந்தத் தூண்டில் மன்றத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை.

என் அப்பாவுக்கு 64 வயது. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை என்றால் போர்ட் கிள்ளான் பக்கம் ஏதாவது ஒரு பாலத்தடியில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார். கெளிறு, சில நாள் கொடுவா. வீட்டுச் சுவரில் பழைய காலண்டர் படம் ஒன்றை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார்: முதுகுச் செட்டையை விரித்துத் தண்ணீருக்கு மேலே எழும்பி நிற்கும் இக்கான் லாயாரான். "இதை எங்கள் பாட்டி மயில் மீன் என்பாள்" என்று சொல்வார். உயிரோடு ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

போன மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். செப்டம்பரில் அவரைக் கிழக்குக் கரையில் உள்ள குவாலா ரொம்பினுக்கு அழைத்துப்போகலாம் என்று இருக்கிறேன். என் நண்பர்கள் இருவரும் வருகிறார்கள், மொத்தம் நான்கு பேர், இரண்டு நாள். படகுக்கு நாளுக்கு 1,200 ரிங்கிட் என்று ஒருவர் சொன்னார். சரியான விலையா? தூண்டில் சாமான் நாமே கொண்டுபோக வேண்டுமா? எனக்கு லங்காவி ஃபெரியிலேயே வாந்தி வரும், அதற்கு என்ன செய்வது? பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

ரொம்பின்_சாலை | 6 ஜூலை, இரவு 11:15

வாங்க தம்பி. நான் குவாந்தானில் இருக்கிறேன். பதினோரு வருடமாக ஒரு சீசன்கூட விடாமல் ரொம்பின் போகிறவன். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

செப்டம்பர் நல்ல தேர்வு. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரைதான் உச்சம். நவம்பரில் வாடைக்காற்று இறங்கிவிட்டால் கிழக்குக் கரை மூடியது போலத்தான், பிப்ரவரி வரை மறந்துவிட வேண்டும். நெத்திலியும் மற்ற சிறு மீனும் கூட்டம் கூட்டமாக வரும்போது மயில் மீன்கள் துரத்திக்கொண்டு கரைப்பக்கம் நெருங்கி வருகின்றன. மொரிஷியஸ், ஹவாய் பக்கம் மார்லினுக்குப் போகிறவர்கள் ஆயிரம் மீட்டர் ஆழத்தைத் தேடிப் போவார்கள். நமக்கு அது தேவையில்லை. ரொம்பின் கடல் 50 மீட்டர்கூட இல்லாத மேடு. அதனால்தான் சின்னப் படகிலேயே இவ்வளவு பெரிய மீனைப் பார்க்க முடிகிறது. உலகத்தில் அப்படிப்பட்ட இடம் அதிகம் இல்லை.

ஒரு நாள் எப்படிப் போகும் என்றால், காலை ஏழு மணிக்கு ஆற்றிலிருந்து கிளம்புவீர்கள். நேராக மயில் மீனுக்குப் போகமாட்டார்கள். முதலில் உஞ்சாம். தென்னை மட்டையைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, சிறு மீன் வந்து அண்டுவதற்காக வைத்திருப்பார்கள் அல்லவா, அதுதான். அங்கே அபோலோ (ஒரே நூலில் பல சிறு முள் கட்டிய தூண்டில்) போட்டு கெம்போங், செலார் என்ற சிறு மீன்களைப் பிடித்து உயிரோடு தொட்டியில் விடுவீர்கள். இரை பிடிக்கும் அந்த ஒரு மணி நேரத்தை யாரும் சலித்துக்கொள்ளக் கூடாது. தொட்டியில் துடிப்பான இரை இல்லாவிட்டால் அன்றைய பொழுது போயிற்று. அப்புறம் தெக்கோங், அதாவது படகோட்டி, பறவைகளைத் தேட ஆரம்பிப்பார். ஆலா போன்ற கடற்பறவைகள் ஓரிடத்தில் குத்திக் குத்தி எழுந்தால் கீழே இரைக்கூட்டம் இருக்கிறது, அதற்கும் கீழே நம்ம ஆள் இருக்கலாம்.

விலை சரிதான். ஆனால் விலையைப் பார்த்துப் படகு எடுக்காதே, தெக்கோங்கைப் பார்த்து எடு. கேட்க வேண்டியவை: உயிர் இரைத் தொட்டி வேலை செய்கிறதா, ஆளுக்கொரு மிதவைச் சட்டை இருக்கிறதா, இரண்டு எஞ்சினா ஒன்றா, கடல் கெட்டுவிட்டால் திரும்புவாரா, அன்றைய காசு என்ன கணக்கு. "வானிலை எப்படி இருந்தாலும் போகலாம்" என்று சொல்லும் ஆளிடம் அப்பாவை ஏற்றாதே.

சாமான் படகிலேயே தருவார்கள், ஆனால் ரீலின் டிராக் (நூல் ஓடும் இறுக்கத்தை வைக்கும் பகுதி) தேய்ந்து போயிருக்கும். முடிந்தால் நல்ல ரீல் இரண்டாவது சொந்தமாகக் கொண்டுபோ. 8000 அளவு ஸ்பின்னிங் ரீல், 30 பவுண்டு பிரெய்டு 300 மீட்டருக்குக் குறையாமல், முனையில் லீடராக 60 முதல் 80 பவுண்டு தங்சி (நைலான் நூல்) ஒன்றரை மீட்டர். தூண்டில் முள் வட்ட முள்தான் (முனை உள்நோக்கி வளைந்தது), 7/0 அளவு. டிராக்கைக் கையால் இழுத்துப் பார்த்து 'போதும்' என்று சொல்லாதே. தராசு மாட்டி மூன்று, மூன்றரைக் கிலோவில் வை.

மீன் இரையை எடுத்ததும் நூல் விர்ரென்று ஓடும். உடனே வெட்டி இழுக்கத் தோன்றும், கை துடிக்கும். இழுக்காதே. ஓட விடு, ஐந்து எண்ணு, ரீலின் பெயிலை (நூலைத் தடுக்கும் கம்பி) மூடு, நூல் தானாக இறுகட்டும். வட்ட முள் அதுவாகவே வாயோரத்தில் போய் மாட்டிக்கொள்ளும். மீன் துள்ளும்போது ராடைத் தாழ்த்திக் கொஞ்சம் நூல் கொடு. இதை அப்பாவுக்கு வீட்டிலேயே இரண்டு தடவை சொல்லிக் காட்டிவிடு.

அப்புறம் ஒன்று: மீனைப் படகுக்குள் ஏற்றமாட்டோம், தண்ணீரிலேயே வைத்து விட்டுவிடுவோம் என்று ஜெட்டியிலேயே (படகுத்துறை) தெக்கோங்கிடமும் உதவியாளிடமும் சொல்லிவிடு. மீன் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்காதே. இங்கே நடக்கும் ராயல் பகாங் மீன்பிடிப் போட்டியிலேயே மீனில் அடையாளப் பட்டை குத்தி விட்டுவிடுவதுதான் வழக்கம்.

தியோமான் பக்கம் போனால் தீவைச் சுற்றி 2 கடல் மைல் கடல் பூங்கா. அதற்குள் தூண்டில் போடக் கூடாது. நல்ல தெக்கோங்குக்கு இது தெரியும்.

ஜொகூர்_செல்வி | 7 ஜூலை, காலை 7:02

அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வாந்தி விஷயம் மட்டும் நான் சொல்கிறேன், நானும் அதே ரகம்தான்.

மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு போட்டால் பயனில்லை. முதல் நாள் இரவு படுக்கும்போது ஒன்று, காலையில் கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் ஒன்று. தூக்கம் வரும், பரவாயில்லை. அப்பாவுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை என்று வேறு மருந்து இருந்தால் ஃபார்மசியில் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றோடு போகக் கூடாது. நாசி லெமாக்கும் கூடாது, எண்ணெய் ஆகாது. இரண்டு துண்டு ரொட்டி, ஒரு வாழைப்பழம். படகு மிதந்துகொண்டு நிற்கும்போதுதான் குமட்டும், ஓடும்போது அவ்வளவாக வராது. அந்த நேரத்தில் குனிந்து முள் கட்டாதீர்கள். தொலைவில் தியோமான் மலை தெரியும், அதையே பார்த்துக்கொண்டிருங்கள். முள், லீடர் எல்லாவற்றையும் இரவே அறையில் கட்டி முடித்துவிடுங்கள்.

பெண்கள் யாராவது படிக்கிறீர்கள் என்றால்: கழிவறை உள்ள படகா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். நான் முதல்முறை கேட்காமல் போய் பத்து மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருந்து மயங்கி விழுந்தேன். இப்போதெல்லாம் அதுதான் என் முதல் கேள்வி.

முழுக்கைச் சட்டை, தொப்பி, கழுத்தை மூடும் துணி. ரொம்பின் வெயில் தண்ணீரில் பட்டு கீழிருந்தும் அடிக்கும்.

உட்லண்ட்ஸ்காரன் | 7 ஜூலை, மதியம் 1:30

சிங்கப்பூரிலிருந்து மெர்சிங் வழியாகப் போகிறோம், வெள்ளி மாலை ஜொகூர் காஸ்வே பாலத்து நெரிசலில் மட்டும் சிக்காமல் இருந்தால் சரி. கிள்ளானிலிருந்து வருகிறவர்கள் பஹாவ், முவாட்சாம் ஷா வழி பாருங்கள். இரவில் அந்தச் சாலையில் மாடு, காட்டுப்பன்றி குறுக்கே வரும், பகலில் போவது நல்லது. போய்ச் சேர்ந்ததும் ரொம்பின் ஆற்று இறால் சாப்பிடாமல் வராதீர்கள்.

பாம்பன்_கரை | 8 ஜூலை, காலை 5:20

அண்ணே, நான் பாம்பனிலிருந்து எழுதுகிறேன். மலேசியக் கடலைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் இங்கே வந்து படிப்பது. நீங்கள் தங்சி என்று எழுதியதைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. நாங்கள் தங்கூசி என்போம். நாங்கள் சீலா என்பது சென்னைக்காரனுக்கு வஞ்சிரம், உங்களுக்குத் தெங்கிரி. மயில் மீன் மட்டும் அங்கேயும் மயில் மீனாகவே இருக்கிறது.

ஆனால் ஒன்று மனதுக்கு ஒப்பவில்லை, தவறாக நினைக்கக் கூடாது. எங்கள் ஊரில் மயில் மீன் வலையில் விழும், சில நாள் தூண்டிலிலும் ஏறும். சீலாவுக்குக் கிடைக்கும் விலை கிடைக்காது. என்றாலும் வெட்டிக் கருவாடு போடலாம், குழம்பு வைக்கலாம். ஒரு மீன் என்றால் நாலு வீட்டுக்கு ஆகும். காசு கட்டிக் கடலுக்குப் போய், ஒரு மணி நேரம் மீனை அலைக்கழித்து, களைத்துப் போன மீனைத் திரும்ப விடுவது எதற்கு? சாப்பிடுவதற்குப் பிடி, இல்லை பிடிக்காதே. என் அப்பா அப்படித்தான் சொல்லி வளர்த்தார்.

ரொம்பின்_சாலை | 8 ஜூலை, இரவு 10:05

தவறாக நினைக்க ஒன்றுமில்லை தம்பி. நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. பிழைப்புக்குப் பிடிப்பவரை நான் எந்த நாளும் குறை சொல்லமாட்டேன்.

என் பக்கத்துக் காரணத்தைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு தெக்கோங் முன்பு வலைதான் போட்டுக்கொண்டிருந்தார். அன்று அவர் கரைக்குக் கொண்டுவந்த மயில் மீன் ஒன்றுக்குக் கிடைத்தது ஒரு நாள் டீசல் காசு. இன்று அதே மீனைப் பார்ப்பதற்கு நான்கு பேர் ஒரு நாள் படகு எடுக்கிறார்கள். அந்த மீன் கடலில் இருந்தால்தான் அடுத்த வாரமும் ஆள் வரும். அவருடைய மகனும் இப்போது படகு ஓட்டுகிறான். ரொம்பினில் மயில் மீன் இல்லை என்று ஆகிவிட்டால் அந்த ஜெட்டியில் பாதிக் குடும்பத்துக்கு வேலை இல்லை.

இது போதாது என்று நீங்கள் சொல்லலாம். நானும் யோசித்திருக்கிறேன். விடுவது என்று முடிவு செய்தால் அது பிழைக்கும்படி விட வேண்டும். அரைகுறையாகச் செய்வதாக இருந்தால் நீங்கள் சொல்வதுதான் சரி.

பழைய_தூண்டில் | 9 ஜூலை, காலை 9:48

இங்கே எல்லாரும் மீனை மெழுகுப் பொம்மை போலப் பேசுகிறீர்கள். நான் பதினைந்து வருடமாக ஜே முள்தான் (J எழுத்து வடிவம்) போடுகிறேன். மீனைப் படகில் ஏற்றி, மடியில் வைத்துப் படம் எடுத்துவிட்டுத்தான் விடுகிறேன். எல்லாம் நீந்தித்தான் போயின. வட்ட முள்ளில் பாதி மீன் தவறிவிடுகிறது. வாழ்நாளில் ஒருமுறை வருகிறவர் ஒரு படம்கூட இல்லாமலா போவார்?

ஈப்போ_வாத்தியார் | 9 ஜூலை, மாலை 6:30

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் நீந்திப் போனதும் பிழைத்ததும் ஒன்றல்ல. நான் இடைநிலைப்பள்ளியில் உயிரியல் சொல்லிக் கொடுக்கிறேன், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன்.

கெளிறு, திலாப்பியா போன்றவை ஓரிடத்தில் நின்றபடியே வாயை அசைத்துச் செவுளுக்குத் தண்ணீர் அனுப்பும். மயில் மீன், மார்லின், சூரை எல்லாம் வேறு வகை. வாயைத் திறந்தபடி முன்னே நீந்திக்கொண்டே இருக்க வேண்டும், அந்த ஓட்டத்தில்தான் தண்ணீர் செவுள் வழியே போகும். அரை மணி நேரம் போராடிய மீன் ஏற்கெனவே மூச்சுக் கடனில் இருக்கிறது. அதைத் தூக்கிக் காற்றில் வைத்தால் செவுளின் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மூச்சு நின்றுவிடும். தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த 30 கிலோ உடம்பை இரண்டு பேர் ஈட்டி போல நீண்ட அலகையும் வாலையும் பிடித்துத் தூக்கினால் நடுவயிறு தொங்குகிறது, உள்ளுறுப்பு அத்தனையும் அழுந்துகிறது. விட்டதும் வாலை அடித்துப் போகும், நமக்குக் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். கீழே போய் என்ன ஆனது என்று படகில் இருந்து தெரியாது.

ஜே முள்ளை மீன் விழுங்கிவிடும், செவுளிலோ குடலிலோ குத்தும். வட்ட முள் பெரும்பாலும் வாயோரத்தில் நிற்கும். அமெரிக்காவின் அட்லாண்டிக் பக்கப் போட்டிகளில் இயற்கை இரை போட்டால் வட்ட முள்தான் போட வேண்டும் என்று 2008 முதல் சட்டமே இருக்கிறது. விடப்போகும் மீனைத் தண்ணீரை விட்டு எடுக்கக் கூடாது என்றும் அங்கே விதி. வட்ட முள்ளில் மீன் தவறுவது பெரும்பாலும் நாம் வெட்டி இழுப்பதால்தான். கை பழகிவிட்டால் தவறாது.

இன்னொன்று, பலர் சொல்வதால் சொல்கிறேன். மயில் மீன் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஒரு காலத்தில் ஃபுளோரிடாவில் ரீலிலிருந்து ஓடிய நூலை வைத்துப் போட்ட கணக்கு அது. பிற்பாடு மீனிலேயே கருவி பொருத்தியும் தசை சுருங்கும் வேகத்தை அளந்தும் பார்த்தபோது நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டவில்லை, அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். வேகம் குறைந்துவிட்டதே என்று எனக்கு வருத்தமில்லை. அது வேட்டையாடும் விதம் அதைவிட அழகு. கூட்டமாகச் சேர்ந்து சாளைக் கூட்டத்தைச் சுற்றி வளைக்கும், செட்டையை விரிக்கும், உடம்பில் நீலக் கோடுகள் மின்னி மறையும், ஒவ்வொன்றாக முறை வைத்து நுழைந்து அலகால் பக்கவாட்டில் அடிக்கும். ஒவ்வொரு மீனுக்கும் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒரு பழக்கம் இருக்கிறது என்றுகூட ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நம்மில் இடக்கைக்காரர் இருப்பது போல.

பழைய_தூண்டில் | 9 ஜூலை, இரவு 8:15

செவுள் இழை ஒட்டிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. யோசிக்கிறேன்.

கிள்ளான்_பையன் | 17 செப்டம்பர், இரவு 11:50

போய்வந்துவிட்டோம். வந்து நான்கு நாள் ஆகிறது, எழுத மனம் வரவில்லை. ஆனால் இத்தனை பேர் நேரம் செலவழித்து எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் காலை ஏழேகாலுக்குக் கிளம்பினோம். செல்வி அக்கா சொன்னபடி மாத்திரை போட்டதால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உஞ்சாமில் அப்பா அபோலோ போட்டால் ஐந்து முள்ளிலும் கெம்போங். பாலத்தடியில் உட்கார்ந்தே கழித்த மனிதர் படகின் ஓரத்தில் சின்னப் பையனைப் போல நின்றார். பத்து மணிக்கு மேல் பறவைகளைப் பார்த்தோம். இரண்டு முறை செட்டை மட்டும் கறுப்பாகத் தண்ணீருக்கு மேலே வந்து அடங்கியது. அப்பா "அதுதான், அதுதான்" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மதியம் இரண்டு மணிக்கு என் நண்பனுடைய இரையை எடுத்தது. அவன் தன் பெட்டியிலிருந்த ஜே முள்ளை மாட்டியிருந்தான். நான் கவனிக்கவில்லை. அவனுடைய ரீலும் சின்னது, நூல் 15 பவுண்டு. மீன் ஏழெட்டு முறை துள்ளியது. நாங்கள் கத்தினோம், கை தட்டினோம். ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது. மீன் கீழே போய் நின்றுகொண்டது, அவனால் தூக்க முடியவில்லை. கடைசியில் படகருகே வந்தபோது பக்கவாட்டில் சாய்ந்துதான் வந்தது.

ரொம்பின்_சாலை அண்ணன் ஜெட்டியில் சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை. காலையில் ஏறும் அவசரத்தில் மறந்துவிட்டேன். உதவியாள் பழக்கத்தில் அலகைப் பிடித்து மேலே இழுத்துவிட்டார். நண்பன் மடியில் வைத்துக்கொண்டான். அவன் போனில் இடம் நிரம்பிவிட்டது என்று வந்தது, என் போனை எடுத்தோம். அப்புறம் இன்னொரு நண்பனும் பிடித்துக்கொண்டு ஒரு படம். மூன்று நிமிடமாவது இருக்கும். முதலில் நீலமாக மின்னிக்கொண்டிருந்த மீன் எங்கள் கண்முன்னே செம்பு நிறமாகி, அப்புறம் மங்கிப்போனது. செவுளிலிருந்து ரத்தம் வந்து நண்பனுடைய கால்சட்டையில் ஊறியது. அப்போதுதான் எல்லாரும் பேச்சை நிறுத்தினோம்.

தண்ணீரில் இறக்கினோம். தெக்கோங் படகை மெதுவாக முன்னே ஓட்டினார். அப்பா படகோரத்தில் குப்புறப் படுத்து, கையுறை போட்ட கையால் அலகைப் பிடித்து, வாயில் தண்ணீர் போகும்படி வைத்துக்கொண்டார். நாற்பது நிமிடம். தெக்கோங் இரண்டு முறை "போதும் பாச்சிக்" (மாமா) என்று சொல்லிவிட்டார். அப்பா விடவில்லை. அலை முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. "கொஞ்சம் பொறு, வால் அசைகிறது" என்றார். அசையவில்லை, படகு ஓடியதால் ஆடியது. எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்திருக்கும்.

மீனை ஜெட்டிக்குக் கொண்டுவந்தோம். பாம்பன் அண்ணன் எழுதியது நினைவில் இருந்தது, அதனால் வீணாக்கவில்லை. தெக்கோங்கும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் ஒரு துண்டு வாங்கி ஐஸில் வைத்தோம். அன்று இரவு அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். மறுநாள் போக வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

காலை ஐந்து மணிக்கு அவர்தான் எங்களை எழுப்பினார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. நண்பனுடைய பெட்டியைக் கேட்டு வாங்கி, ஜே முள் எல்லாவற்றையும் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். ஜெட்டியில் தெக்கோங்கிடம் தன் மலாயில் அவரே பேசினார்: மீன் மேலே வராது, படம் தண்ணீரில்தான், அரை மணிக்கு மேல் போனால் நூலை வெட்டிவிடுவோம். தெக்கோங் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

10:20க்கு அப்பாவின் தூண்டில் மிதவை பக்கவாட்டில் நகர்ந்தது. நூல் ஓடியது. அவர் வாய்விட்டு எண்ணினார், தமிழில், ஒன்று, இரண்டு என்று. ஐந்தில் பெயிலை மூடினார். ராட் வளைந்தது. நூறு மீட்டருக்கு அப்பால் முழு மீனும் தண்ணீரை விட்டு எழுந்தது. சுவரில் இருக்கும் படம் போலவேதான், செட்டை முழுக்க விரிந்து. அப்பா ராடைத் தாழ்த்தினார். வீட்டில் நாங்கள் துடைப்பக்கட்டையை வைத்துப் பழகியது வீண்போகவில்லை.

22 நிமிடம். நான் மணி பார்த்துக்கொண்டே இருந்தேன். 30 கிலோ இருக்கும் என்று தெக்கோங் சொன்னார், எடை போடவில்லை. வாயோரத்தில் முள், ரத்தம் இல்லை. உதவியாள் அலகைப் பிடித்துத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டார், படகு மெதுவாக ஓடியது. அப்பா குனிந்து அதன் முதுகில் கை வைத்தார். கண் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நிறம் கறுப்பிலிருந்து நீலமாகத் திரும்பி வந்தது, பக்கத்தில் கோடு கோடாக. உதவியாள் விட்டார். ஒரே அடி, போய்விட்டது. அப்பாவின் முகமெல்லாம் தண்ணீர்.

படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதில் அப்பாவின் முதுகும், தண்ணீருக்குள் ஒரு நீல நிழலும்தான் தெரியும்.

ரொம்பின்_சாலை | 18 செப்டம்பர், காலை 6:10

படித்தேன் தம்பி. இரண்டு தடவை படித்தேன்.

முதல் மீனுக்கு உன்னை நீயே வதைத்துக்கொள்ளாதே. என் முதல் சீசனில் நானும் ஒன்றைக் கொன்றிருக்கிறேன். இதுவரை இங்கே எழுதியதில்லை. அதற்குப் பிறகுதான் இத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

அப்பா பேசிய அரை மணிக் கணக்கு நல்ல கணக்கு. 30 பவுண்டு நூலும் சரியான டிராக்கும் இருந்தால் பெரும்பாலான மீன் அதற்குள் வந்துவிடும். வராவிட்டால் தெக்கோங்கைப் படகைச் சுற்றிக் கொண்டுவரச் சொல்ல வேண்டும், மேலிருந்து ராடை ஏற்றி இறக்கிப் பம்ப் அடித்துப் பயனில்லை. கீழே இறங்கி நின்ற மீனை வேறு கோணத்திலிருந்து இழுத்தால் எழும்பி வரும். இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

பாம்பன்_கரை | 18 செப்டம்பர், காலை 6:45

உங்கள் அப்பா நாற்பது நிமிடம் பிடித்துக்கொண்டிருந்ததை என் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவருக்கு 71 வயது. "அந்த மனுஷன் கடல்காரன்தான்" என்றார்.

நான் ஜூலையில் கேட்ட கேள்வி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆனால் இரண்டாவது மீனை விட்ட விதத்தைப் படித்த பிறகு, விடுகிறவர்கள் எல்லாரையும் ஒன்றாக நினைக்கக் கூடாது என்று தோன்றுகிறது. கொண்டுபோன துண்டை என்ன செய்தீர்கள்?

கிள்ளான்_பையன் | 18 செப்டம்பர், இரவு 9:00

அம்மா புளி கூடப் போட்டுக் குழம்பு வைத்தார் அண்ணே. கறி கொஞ்சம் கடினம், மாட்டிறைச்சி போலச் சிவப்பு. அப்பா சாப்பிட்டார். சாப்பிட்டு முடிக்கும் வரை யாரும் பேசவில்லை.

பழைய_தூண்டில் | 19 செப்டம்பர், மதியம் 2:20

தம்பி, ஜூலையில் நான் எழுதியதைப் படித்துத்தான் உன் நண்பன் ஜே முள்ளைக் கொண்டுவந்தானா?

கிள்ளான்_பையன் | 19 செப்டம்பர், மாலை 5:05

இல்லை ஐயா. அவன் இந்தப் பக்கமே வருவதில்லை. கடையில் கொடுத்ததை வாங்கி வந்திருக்கிறான். சரிபார்த்திருக்க வேண்டியது நான்தான்.

பழைய_தூண்டில் | 19 செப்டம்பர், மாலை 5:40

சரி. எனக்கு அடுத்த வாரம் படகு இருக்கிறது. 7/0 வட்ட முள் வாங்கியிருக்கிறேன். கெம்போங்கை மூக்கில் கோர்ப்பதா, முதுகிலா?

ஜொகூர்_செல்வி | 19 செப்டம்பர், மாலை 6:15

நீவாடு (நீரோட்டம்) இழுக்கும் நாளில் மூக்கில், ஐயா. அப்போதுதான் இரை ஓட்டத்துக்கு எதிராக நேராக நிற்கும். தண்ணீர் நின்றிருந்தால் முதுகில், செட்டைக்கு முன்னால், தோலுக்குச் சற்றுக் கீழே. ஆழமாகக் குத்தினால் இரை அரை மணியில் செத்துவிடும், முள் முனையும் மறைந்துவிடும். முனை வெளியே தெரிய வேண்டும். வாங்கிய முள்ளை மேஜையில் படுக்க வைத்துப் பாருங்கள். முனை பக்கவாட்டில் திரும்பியிருந்தால் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள், தட்டையாகப் படுப்பதுதான் வேண்டும்.

கிள்ளான் தம்பி, அடுத்த ஆகஸ்டுக்கு அப்பா வருகிறாரா?

கிள்ளான்_பையன் | 19 செப்டம்பர், இரவு 10:30

வருகிறார் அக்கா. தெக்கோங்குக்கு அவரே போன் போட்டுப் பேசிவிட்டார். தேதியை மட்டும் என்னிடம் சொன்னார்.